ட்ரெவருடைய எஸ்கார்ட்

லௌத், லிங்கன்ஷயர்
5 ஏப்ரல் 1998

அன்புள்ள நோரீன்,

நலமா? இதைப் போனில் கேட்டால் "இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இன்னும் நீதானே? நீ இங்கிருந்து குடிபோன கெண்டலில் மழை எப்படி? இங்கே வயல் முழுக்கச் சேறு. விவசாயிகள் எல்லோரும் ஒரே வாரத்தில் டிராக்டரைக் கெடுத்துக்கொண்டு வந்து என் தலையில் கட்டுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு கார் கட்டியிருக்கிறேன். வாங்கவில்லை, கட்டியிருக்கிறேன். இரண்டு பேர் உட்காரலாம். கூரை கிடையாது, கதவு கிடையாது. உட்கார்ந்தபடியே கையைத் தொங்கவிட்டால் ரோட்டைத் தொடலாம். சதுரக் குழாயை அறுத்து நானே வெல்டிங் வைத்த சட்டம். மூக்கும் சக்கரத்துக்கு மேலே உள்ள மூடிகளும் மட்டும் ஃபைபர், அவை கடையில் வாங்கினவை. மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதில் இருக்கின்றன. போன வாரம் முதல் தடவை ஸ்டார்ட் ஆனது. பக்கத்து வீட்டு மிஸஸ் அப்டன் எல்லா ஜன்னலையும் படார் படாரென்று சாத்தினாள்.

ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து வீட்டில் கட்டின கார்களுக்குப் புதுச் சோதனை வருகிறது. ஒவ்வொரு விளிம்பையும் தடவிப் பார்த்து, கண்ணாடி இவ்வளவு உயரம், பெடல் இவ்வளவு அகலம் என்று அளந்து உயிரை எடுக்கப் போகிறார்கள். அதற்குள் பதிவு செய்துவிட்டால் பிழைத்தோம். என்னிடம் எல்லாம் தயார். ஒன்றுதான் குறைகிறது.

இந்த மாதிரி வண்டிக்கு எஞ்சின், கியர் பாக்ஸ், பின் அச்சு, ஸ்டியரிங் எல்லாம் ஒரே பழைய காரிலிருந்து எடுப்போம். எங்கள் ஆட்கள் அதைக் கொடை வண்டி என்பார்கள். அதன் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், அந்தக் காரின் வருஷ எழுத்தையே புது நம்பர் பிளேட்டில் கொடுப்பார்கள். காட்டாவிட்டால் க்யூ எழுத்துதான். க்யூ என்றால், எங்கிருந்து வந்ததென்று தெரியாத வண்டி. அப்பன் பேர் தெரியாத பிள்ளை என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான்.

புத்தகம் உன்னிடம் இருக்கிறது. ட்ரெவரின் எஸ்கார்ட் காருடையது.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தாலும் அதே வரிதான் இருக்கிறது. நீ கோபப்படுவாய். கோபம் தீர்ந்ததும், உள்ளே வைத்திருக்கும் தாளில் "இந்த வண்டி கிளைவுக்குக் கொடுக்கப்பட்டது" என்று எழுதியிருக்கும் இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, புத்தகத்தோடு அனுப்பு.

உன் தம்பி,
கிளைவ்


கெண்டல்
9 ஏப்ரல் 1998

கிளைவ்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, என் கணவரின் காரை நீ வெட்டிப் போட்டாய் என்று எங்கே எழுதியிருக்கிறாய் என்று தேடினேன். கிடைக்கவில்லை. மிஸஸ் அப்டனின் ஜன்னல் இருக்கிறது, சேறு இருக்கிறது. அது மட்டும் இல்லை.

அடக்கம் முடிந்த அன்று உன் வீட்டுச் சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "வண்டி உங்கிட்டயே இருக்கட்டும். நானா கேக்கற வரைக்கும் அதுல கை வைக்காத" என்றேன். நீ துண்டால் கோப்பையைத் துடைத்துக்கொண்டே "சரி, நோர்" என்றாய். மூன்று வருஷமாக அந்தக் கார் உன் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் முழுசாக நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, விற்கவும் மனசு வரவில்லை. ஒருநாள் முடியும் என்று இருந்தேன்.

ஓட்டுகிறவர் இருக்கையை அவருடைய காலுக்காகக் கடைசிப் பல்வரைக்கும் பின்னால் தள்ளி வைத்திருப்பார். அது எங்கே? கதவுப் பையில் அவருடைய பழுப்புக் கையுறை இருந்தது. அது எங்கே?

கொடை வண்டியாம். கொடை என்றால் கொடுத்தவர் ஒருவர் வேண்டும். யார் கொடுத்தது?

தாளில் கையெழுத்துப் போடவில்லை. போன் பண்ணாதே.

நோரீன்


லௌத்
14 ஏப்ரல் 1998

நோரீன்,

திட்டு. திட்டு வாங்கத்தான் எழுதினேன். ஆனால் நான் சொல்வதையும் கேள்.

அது முழுசாக நின்றிருக்கும் என்று நீ நினைக்கிறாய். கொட்டகைக் கூரை ஒழுகுகிறது. இருபது வருஷ வண்டி. கதவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போகும். இன்னும் இரண்டு குளிர்காலம் போயிருந்தால் நீ வந்து பார்க்கும்போது ஒரு கூடை துருவும் நான்கு சக்கரமும்தான் இருந்திருக்கும். நான் எடுத்ததெல்லாம் இப்போது ஓடுகிறது. அந்த எஞ்சினைக் கழற்றி, ஒவ்வொரு துண்டாக மண்ணெண்ணெயில் கழுவி, வளையம் மாற்றி, புது வண்டியில் வைத்திருக்கிறேன். அவனுடைய ஹேண்ட் பிரேக்கைத்தான் இழுக்கிறேன். அவனுடைய வைப்பர் மோட்டார்தான் கண்ணாடியைத் துடைக்கிறது.

கையுறை பத்திரமாக இருக்கிறது. அனுப்புகிறேன். இருக்கை புது வண்டிக்குள் நுழையவில்லை, ரொம்ப அகலம். அதை என்ன செய்தேன் என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். ஜெஸ் அதில் படுத்துக்கொள்கிறது. நாய்க்குப் பதிமூன்று வயசு, நோர், இடுப்பு வலி.

இன்னொன்று. இது என் தனி ஆசை இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது. நீ திருமணம் செய்துகொண்ட ஆள் கவுன்சிலில் சாக்கடைக்கு வரைபடம் போடுகிறவன் மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை பப்பில் பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையைத் திருப்பிப் போட்டு அதன் மேல் இந்தக் காரை வரைவான். "இந்தக் குழாய இங்க சாய்ச்சா கால் வைக்க இடம் கிடைக்கும்டா" என்பான். சட்டத்தின் வரைபடம் மொத்தமும் அவன் போட்டதுதான். நான் அறுத்து ஒட்டினேன், அவ்வளவுதான்.

வாயால் சொன்னால் நம்பமாட்டாய். எனவே ஆல்பத்தை அனுப்புகிறேன். கார் கட்டுகிற எல்லோரும் இப்படி ஒன்று வைத்திருப்போம். நாங்கள்தான் கட்டினோம் என்று பதிவு அலுவலகத்தில் காட்டுவதற்கு, முதல் நாளிலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுத்து ஒட்டி வைப்போம். இருப்பது இந்த ஒன்றுதான், தொலைத்துவிடாதே. முதல் பக்கத்திலிருந்து பார். பார்த்துவிட்டு, இது குப்பையா என்று சொல். உண்மையாகச் சொல்கிறேன், நீ பார்த்தால் மனசு மாறும்.

கிளைவ்


கெண்டல்
21 ஏப்ரல் 1998

கிளைவ்,

ஆல்பம் வந்தது. நீ சொன்ன மாதிரியே முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். மத்தியான இடைவேளையில், சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு.

முதல் படத்தில் எஸ்கார்ட் மூடியில்லாமல் நிற்கிறது. இரண்டாவதில் எஞ்சின் சங்கிலியில் தொங்குகிறது. மூன்றாவதில் அது தரையில் செய்தித்தாள் மேல் இருக்கிறது. ஒவ்வொன்றின் வலது மூலையிலும் உன் கேமரா ஆரஞ்சு எழுத்தில் தேதி போட்டிருக்கிறது. 22.1.95.

ட்ரெவர் இறந்தது மார்ச் ஒன்பது.

ஜனவரி இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை. அன்று இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். இரண்டு கரண்டி கஸ்டர்ட் சாப்பிட்டார். நான் கைதட்டாத குறை. "வெளிய வந்ததும் வண்டிய எடுத்துக்கிட்டு விட்பி போலாம், நோர். நீ மேப்ப வச்சுக்கோ, நான் ஓட்டறேன்" என்றார். வீட்டுக்கு வந்து உனக்குப் போன் பண்ணினேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டியை ஸ்டார்ட் செய், பாட்டரி இறங்கிவிடும் என்றேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "இன்னிக்குத்தான் பண்ணேன். ஒரே இழுப்புல கிளம்புச்சு" என்றாய்.

எஞ்சின் அப்போது உன் கொட்டகைத் தரையில் கிடந்திருக்கிறது.

அந்த மனுஷன் மூச்சு விட்டுக்கொண்டு, விட்பிக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பனியில் தெருவில் நிற்க வேண்டாம், பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சாவியை வாங்கிப்போய், ஆள் உயிரோடு இருக்கும்போதே அவர் காரைக் கூறு போட்டிருக்கிறாய். அதைப் படமும் எடுத்து, ஒட்டி, எனக்கே தபாலில் அனுப்பி, பார்த்தால் மனசு மாறும் என்கிறாய். மாறிவிட்டது, கிளைவ். இது வரைக்கும் உன்னை அசடு என்றுதான் நினைத்திருந்தேன்.

நோரீன்


லௌத்
24 ஏப்ரல் 1998

நோரீன்,

அந்தக் கேமராவில் தேதி எப்போதுமே தப்பு. பாட்டரி மாற்றும்போது அது பாட்டுக்கு ஏதோ ஒரு வருஷத்துக்குப் போய்விடும், நான் சரி செய்ததே இல்லை. நான் ஆரம்பித்தது 96 ஜனவரி. வீணாக மனசைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. ஆல்பத்தை மட்டும் உடனே திருப்பி அனுப்பு, அவசரம்.

கிளைவ்


கெண்டல்
29 ஏப்ரல் 1998

கிளைவ்,

நான்காவது படத்தைப் பார்க்கச் சொல்லலாம் என்றால் ஆல்பம் என்னிடம் இருக்கிறது. நானே சொல்கிறேன். கேமராவை எதன் மேலோ வைத்துவிட்டு ஓடிவந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கிறாய். பல் தெரியச் சிரிக்கிறாய். உன் இடது கால் முட்டி வரைக்கும் மாவுக்கட்டு.

95 புதுவருஷத்தன்று பார்க்கர் பண்ணையில் டிரெய்லரிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாய். ஊன்றுகோலோடு வார்டுக்கு வந்தாய். நர்ஸ் உன்னைப் பார்த்து, "உங்களுக்கும் ஒரு கட்டில் போடவா?" என்று கேட்டாள். ட்ரெவர் சிரித்துச் சிரித்து இருமினார். பிப்ரவரி கடைசியில் கட்டைப் பிரித்தார்கள். 96 ஜனவரியில் உன் கால் நன்றாகத்தான் இருந்தது.

ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அவருடைய எஞ்சினை இறக்கியிருக்கிறாய். அவ்வளவு என்ன அவசரம்? அவர் போகிற வரைக்கும் ஏழு வாரம் உன்னால் பொறுக்க முடியவில்லையா?

இனி பொய் எழுதுவதாக இருந்தால் தபால்தலையை மிச்சப்படுத்து.

நோரீன்


லௌத்
8 மே 1998

நோரீன்,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இந்தத் தாளிலும் அடித்தல் திருத்தல் இருக்கும், பொறுத்துக்கொள்.

தேதி சரிதான். ஜனவரி 22தான். கேமரா பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். ஆனால் நான் திருடவில்லை. அவன்தான் செய்யச் சொன்னான்.

ஜனவரி 12, வியாழக்கிழமை. நீ வேலைக்குப் போயிருந்தாய். நான் ஊன்றுகோலோடு உள்ளே நுழைகிறேன், டாக்டர் வெளியே வருகிறார். ட்ரெவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். "என்னடா, என்ன சொல்றார்?" என்று கேட்டேன். "ஈஸ்டர் வரைக்கும் தாங்காதாம்" என்றான், பஸ் வராது என்று சொல்கிற மாதிரி. ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினேன். அவனே, "வண்டி உங்கிட்டதானே இருக்கு? பிரிச்சுடு" என்றான்.

நான், "பைத்தியமாடா உனக்கு? நோரீன் என்னக் கொன்னுடுவா" என்றேன்.

"இனிமே அத நான் ஓட்டப் போறதில்ல. அவளுக்கு ஓட்டத் தெரியாது. நாம வரைஞ்ச வண்டியக் கட்டு. கொஞ்சமாவது என் கண்ணால பாத்துட்டுப் போறேன். கட்டக் கட்ட போட்டோ எடுத்துட்டு வா."

"நோரீன் கிட்ட?"

"மூச்சு விடக் கூடாது. அவ கீழ் ரூமுக்குப் பெயின்ட் அடிச்சுக்கிட்டிருக்காடா. அடிக்கட்டும். கையில பிரஷ் இருக்கற வரைக்கும்தான் அவளால நிக்க முடியும்."

என்னைச் சத்தியம் செய்யச் சொன்னான். செய்தேன். ஒவ்வொரு புதன்கிழமையும் படங்களை ஜாக்கெட்டுக்குள் வைத்து எடுத்துப்போனேன். இது கோணல், அது உயரம் என்று குறை சொல்வான். நீ போனில் கேட்டபோது ஒரே இழுப்பில் கிளம்பியது என்று சொன்னேனே, அந்தப் பொய்யும் அவனுக்காகச் சொன்னதுதான். அடக்கத்தன்று நீ "கை வைக்காதே" என்றபோது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வண்டி ஏற்கெனவே பெட்டி பெட்டியாகக் கிடந்தது. மூன்று வருஷமாக உன் போனை எடுக்கவே பயம் எனக்கு. நீ என்னைத் திருடன் என்கிறாய். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் தப்பு என்றால், மூடச் சொன்னவன் அவன்.

கிளைவ்


கெண்டல்
16 மே 1998

கிளைவ்,

ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

கீழ் அறைக்கு நான் அடித்தது வெளிர் மஞ்சள். அவரால் மாடிப்படி ஏற முடியாதென்று கட்டிலைக் கீழே இறக்கிப் போட்டேன். புது மெத்தை வாங்கினேன். பெயின்ட் அட்டையை வார்டுக்கு எடுத்துப்போய் எந்த மஞ்சள் என்று கேட்டேன். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு விரலை வைத்துக் காட்டினார். விட்பியில் ஈஸ்டருக்கு அறை பிடித்தேன். "ஜன்னல் கடல் பக்கம் இருக்கணும்னு சொல்லு" என்றார். மறுபடி போன் பண்ணி மாற்றினேன். எனக்கும் டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். ட்ரெவர் நன்றாகத் தேறி வருகிறார் என்று நானே முந்திக்கொண்டேன். ட்ரெவரின் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னேன்.

நீ சொல்வது உண்மையானால், அந்த மஞ்சளைத் தேர்ந்தெடுத்தபோது அதற்குள் படுக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். தினமும் இரண்டிலிருந்து நான்கு வரை என் முன்னால் நடித்திருக்கிறார். புதன்கிழமை உன்னிடம் மட்டும் நிஜமான ஆளாக இருந்திருக்கிறார். என்னால் எதைத் தாங்க முடியும் என்று நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறீர்கள். நானும் அவரும் இருபத்தாறு வருஷம் ஒன்றாக வாழ்ந்தோம். விடைபெற்றுக்கொள்ள எனக்கு எட்டு வாரம் இருந்திருக்கிறது. சுவருக்குப் பெயின்ட் அடித்துக் கழித்தேன்.

நீ சொல்வது பொய்யானால், நீ ஒரு திருடன். அதோடு செத்தவர் மேல் பழி போடுகிறாய். ஆனால் என் கணவர் என்னிடம் உண்மையாகத்தான் இருந்தார்.

ஏற்கெனவே ஒரு பொய் எழுதி மாட்டிக்கொண்டவன் நீ. ஆகவே ஒரே ஒரு தடவை கேட்கிறேன். அவருக்குத் தெரியுமா, தெரியாதா? யோசித்து ஒரே வார்த்தையில் எழுது. எதை எழுதினாலும் நம்புகிறேன், இனி சாட்சி கேட்க மாட்டேன்.

பதிவுப் புத்தகம் மேசை மேல்தான் இருக்கிறது. தெரியும் என்றால் வண்டி அவர் கொடுத்தது. கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன், ஜூலைக்கு முன்னால் கிடைத்துவிடும். தெரியாது என்றால் அடுப்பில் போடுகிறேன்.

நோரீன்


லௌத்
25 மே 1998

நோரீன்,

தெரியாது.

ட்ரெவருக்கு எதுவும் தெரியாது. டாக்டர் அன்று அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து என்னிடம் சொன்னார். அவன் பிழைக்க மாட்டான் என்று தெரிந்ததும் வண்டி சும்மாதானே நிற்கிறது என்று எனக்கு ஆசை வந்தது, பிரித்தேன். கீழ் அறையையும் பிரஷ்ஷையும் பற்றி எழுதினதெல்லாம் நானே கட்டிச் சொன்னது. பப்பில் கதை விட்டுப் பழகின வாய். அவன் கடைசி வரைக்கும் விட்பி போவதைப் பற்றித்தான் பேசினான். அவன் காட்டின மஞ்சள் அவனுக்குப் பிடித்த மஞ்சள்தான்.

புத்தகத்தை அடுப்பில் போடு. எனக்கு க்யூ போதும். ஆல்பத்தை மட்டும் அனுப்பிவிடு. கையுறையை இதோடு வைத்திருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை.

கிளைவ்


கெண்டல்
7 ஜூன் 1998

கிளைவ்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்துவிட்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன், சத்தமாக, சமையலறையில் நின்றுகொண்டு. திட்டி முடித்ததும் பசித்தது. முட்டை வறுத்துச் சாப்பிட்டேன். உனக்குச் சொன்னால் புரியுமோ என்னவோ, எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. என் தம்பி திருடன், என் கணவர் நல்லவர். இரண்டு நாள் அப்படி இருந்தேன். வெள்ளிக்கிழமை வேலையில் என்னைப் பார்த்து முடி வெட்டிக்கொண்டீர்களா என்று கேட்டார்கள்.

சனிக்கிழமை, அந்த நிம்மதியில்தான், ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை எடுத்தேன். மூன்று வருஷமாக அலமாரிக்கு மேலே கட்டினபடியே இருந்தது. அதற்குள் என்ன இருக்குமோ என்று பயம். இப்போது என்ன பயம், அவர் என்னிடம் எதையும் மறைக்காத மனுஷன்தானே என்று அவிழ்த்தேன். பைஜாமா, ஷேவிங் பிரஷ், மூக்குக் கண்ணாடி. குறுக்கெழுத்துப் புத்தகம்.

அந்தப் புத்தகத்துக்குள் பதினோரு போட்டோ இருந்தது. முதல் நான்கு உன் ஆல்பத்திலும் இருக்கிறது. மாவுக்கட்டோடு நீ சிரிக்கிறது ஒன்று. எல்லாம் ஓரம் மடங்கி, விரல் பட்டுப் பட்டு அழுக்காகியிருக்கிறது. கடைசிப் படத்தின் பின்னால் பென்சிலில் எழுதியிருக்கிறார், எழுத்து கிடுகிடுவென்று ஆடியிருக்கிறது: "கிளைவ், ரேடியேட்டரை இரண்டு அங்குலம் தாழ்த்து. மூக்கு மூடாது." தாழ்த்தினாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தாழ்த்தியிருப்பாய், அவர் சொன்னால் செய்கிறவன்தானே நீ.

நான் வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் அந்தப் புத்தகத்தைத்தான் மூடி மடியில் வைத்துக்கொள்வார். "நோர், மலர் ஒண்ணு, ஆறெழுத்து, சொல்லு பாப்போம்" என்பார். நானும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்குள் இருந்ததை ஒரு தடவைகூட என்னிடம் காட்டவில்லை. எஞ்சினும் சட்டமும் எனக்கு ஒன்றும் புரியாதுதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பேன்.

நீ எழுதின "தெரியாது" எதற்காக என்று எனக்குத் தெரிகிறது. உனக்கு வேண்டியதை விட்டுக்கொடுத்துத்தான் எழுதினாய். அதையும் என்னைக் கேட்காமல்தான் செய்தாய். எனக்கு எது நல்லது என்று அவரும் நீயும் மாறி மாறி முடிவு செய்துகொண்டே இருக்கிறீர்கள்.

பதிவுப் புத்தகத்தை எரிக்கவில்லை. இதோடு இருக்கிறது. தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "கொடுக்கப்பட்டது" என்பதை அடித்துவிட்டு "என் கணவர் கொடுத்தார்" என்று எழுதி, பக்கத்திலும் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆல்பமும் உள்ளே இருக்கிறது. அந்தப் பதினொன்றை நான் தரமாட்டேன். ஜூலைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, போய்ப் பதிவு செய்துகொள்.

நன்றி சொல்லி எழுதாதே. வண்டியை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வராதே. தப்பு உன் மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் சண்டை போட வேண்டியது அவரோடு. அதற்கு இனி வழியில்லை. அதனால் உன்னோடுதான் பேசப் போவதில்லை.

நோரீன்